அடித்தாடுவதா, கையிருப்பைக் காப்பதா? நால்வர் எஞ்சிய மேசையில் ஒரு கை

காரைக்குடி வளவு:

அனைவருக்கும் வணக்கம். பொங்கலுக்கு ஊரில் கூடிய பங்காளிகளும் தாயபிள்ளைகளுமாகப் பதினெட்டுப் பேர், எங்கள் வீட்டுப் பட்டாலையில் இரண்டு மேசை போட்டுப் போக்கர் ஆடினோம். எங்கள் ஆட்டத்தில் காசு கிடையாது. ஆண்டுக்கு ஆறு முறை கூடுவோம்; ஒவ்வொரு முறையும் முதலாவதாக வருபவருக்கு 10 புள்ளி, இரண்டாமவருக்கு 6, மூன்றாமவருக்கு 4, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. ஆண்டு முடிவில் புள்ளி கூடியவரின் பெயரை ஐயா காலத்துப் பழைய நோட்டில் எழுதி வைப்போம். அந்த நோட்டில் பெயர் ஏறுவதற்கு எங்கள் குடும்பத்தில் இருக்கும் மதிப்பு, காசுக்கு இருந்திருக்காது.

ஒவ்வொருவருக்கும் 5,000 சிப்ஸ் (ஆட்ட வில்லை) என்பதால் மேசையில் மொத்தம் 90,000. பிளைண்ட், அதாவது சீட்டு வரும் முன்பே முறைவைத்து இருவர் கட்டாயமாகப் போடும் சின்ன, பெரிய தொகைகள், 25, 50 என்று தொடங்கி இருபது நிமிடத்துக்கு ஒருமுறை உயரும். நான் கேட்க வந்த கையில் (ஒருமுறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை) நால்வர் எஞ்சியிருந்தோம். பிளைண்ட் 1,000, 2,000 ஆகியிருந்தது. என் அம்மான் மகனிடம் 40,000, என்னிடம் 25,000, மற்ற இருவரிடம் முறையே 15,000, 10,000. நான் பெரிய பிளைண்ட், அம்மான் மகன் சின்ன பிளைண்ட். மற்ற இருவரும் ஃபோல்ட் செய்துவிட்டார்கள், அதாவது சீட்டைக் கீழே வைத்து விலகிவிட்டார்கள். அம்மான் மகன் சீட்டைச் சரியாகக்கூடப் பார்க்காமல் ஆல்-இன் (கையிருப்பு முழுவதும் பந்தயம்) என்றார். அதற்கு முன்பும் மூன்று முறை அப்படியே செய்து எங்கள் பிளைண்டை அள்ளியிருந்தார். என் கையில் ஏஸும் பத்தும், வேறு வேறு இனம். என் கையிருப்பு முழுவதையும் போட்டு எதிர்த்தேன், அதாவது கால் செய்தேன். அவர் ராஜாவும் ஏழும் காட்டினார். ரிவரில், அதாவது கடைசிப் பொதுச் சீட்டாக, ஏழு வந்தது. நான் நான்காவதாக, ஒரு புள்ளியும் இல்லாமல் எழுந்தேன்.

சீட்டில் நான்தான் முந்தியிருந்தேன் என்று ஒரு பக்கத்தாரும், உனக்கு அங்கே என்ன அவசரம் என்று மறுபக்கத்தாரும் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்கள். அடித்தாட வேண்டிய இடம் எது, கையிருப்பைக் காக்க வேண்டிய இடம் எது என்பதை எதை வைத்து முடிவு செய்வது என்று தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

நெறியாளர்:

விவாதம் தொடங்கும் முன் ஒரு வார்த்தை. 2025 ஆகஸ்டு 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற இணையவழி விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, பணம் கட்டி இணையத்தில் ஆடும் எந்த ஆட்டமும், திறமை ஆட்டமாகவே இருந்தாலும், தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே இங்கே பணமில்லாத ஆட்டத்தின் நுட்பம் மட்டுமே பேசப்பட வேண்டும். செயலிகளின் பெயர்களைத் தயவுசெய்து எழுதாதீர்கள்.

தேவகோட்டை ரஸ்தா:

தம்பி கால் செய்தது சரிதான் என்பேன். பெரிய பிளைண்டாக 2,000 ஏற்கனவே உள்ளே போய்விட்டது. மேலும் 23,000 போட்டு, வென்றால் 50,000 ஆகும். 23-ஐ 50-ஆல் வகுத்தால் 46 விழுக்காடு வருகிறது. நூற்றுக்கு 46 முறை வென்றால்கூடச் சிப்ஸ் கணக்கில் நட்டமில்லை. எதிராளி எந்த இரண்டு சீட்டு வந்தாலும் தள்ளுகிறவர் என்றால், ஏஸ்-பத்து நூற்றுக்கு ஏறத்தாழ 63 முறை வெல்லும். 46 போதும் என்ற இடத்தில் 63 இருக்கும்போது சீட்டைக் கீழே வைப்பது பயம். அதைப் பொறுமை என்று சொல்லக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூன்று முறை பிளைண்டை அள்ளியவரை நான்காவது முறையும் விட்டால், ஐந்தாவது முறையும் அவர் அள்ளுவார். எங்கேயாவது ஓரிடத்தில் நின்று எதிர்க்கத்தான் வேண்டும்.

பள்ளத்தூர் ஆச்சி:

தேவகோட்டை அண்ணன் போட்ட வகுத்தலில் பிழையில்லை. ஆனால் அது சிப்ஸின் கணக்கு. இந்த ஆட்டம் முடியும்போது யாரும் சிப்ஸை வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. புள்ளியைத்தான் எடுத்துப் போகிறார்கள். 90,000 சிப்ஸையும் வென்று முடிப்பவருக்குக் கிடைப்பது மொத்தமுள்ள 20 புள்ளியில் 10 மட்டுமே. அதாவது எல்லாச் சிப்ஸையும் குவித்தவர், அவற்றின் மதிப்பில் பாதியை, தமக்கு முன்னே தோற்று எழுந்த இருவருக்குக் கொடுத்துவிடுகிறார். இதை மனத்தில் வாங்கிக்கொண்டால், கையிருப்பு இரட்டிப்பானால் அதன் மதிப்பு இரட்டிப்பாகாது என்பதும், கடைசி சிப்ஸை இழப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு என்பதும் தாமே விளங்கும்.

இதை அளக்க ஒரு வழி இருக்கிறது. பல குதிரைகள் ஓடும் பந்தயத்தில் எது எந்த இடத்தில் வரும் என்பதற்கு ஹார்வில் என்பவர் 1973-இல் ஒரு வாய்ப்புக் கணக்கு எழுதினார். அதே முறையை 1987-இல் மேசன் மால்முத் போக்கர் போட்டிக்குக் கொண்டுவந்தார். இன்று ஐசிஎம் (Independent Chip Model) என்று சொல்வது அதைத்தான். முதலிடம் வரும் வாய்ப்பு, மொத்தச் சிப்ஸில் உங்கள் பங்கு எவ்வளவோ அவ்வளவு. முதலிடத்துக்கு ஒருவரை வைத்து அவரை நீக்கிவிட்டு, எஞ்சிய சிப்ஸில் உங்கள் பங்கைப் பார்த்தால் இரண்டாமிடத்தின் வாய்ப்பு கிடைக்கும், அப்படியே மூன்றாமிடத்துக்கும். நோட்டும் பென்சிலும் இருந்தால் அரை மணி நேரத்தில் போட்டுவிடலாம். உங்கள் கைக்கு நான் போட்டுப் பார்த்தேன்.

நீங்கள் ஃபோல்ட் செய்திருந்தால் அவரிடம் 42,000, உங்களிடம் 23,000, மற்றவர்களிடம் 15,000, 10,000 இருந்திருக்கும். அந்த நிலையில் உங்கள் கையிருப்பின் மதிப்பு 5.50 புள்ளி. கால் செய்து வென்றிருந்தால் உங்களிடம் 50,000, அவரிடம் 15,000. அப்போது உங்கள் மதிப்பு 7.79. தோற்றால் சுழி. 5.50-ஐ 7.79-ஆல் வகுத்தால் 70.6 விழுக்காடு வருகிறது. சிப்ஸ் கணக்கில் 46 போதும் என்ற இடத்தில் புள்ளிக் கணக்கு 70-க்கு மேல் கேட்கிறது.

எதிராளி கண்ணை மூடிக்கொண்டு எந்தச் சீட்டையும் தள்ளுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். ஏஸ்-பத்து 63. ஏஸ்-ராஜா வேறு இனமாக இருந்தால் 65, ஒரே இனமாக இருந்தால் 67. எட்டு ஜோடி 69. இவை எல்லாமே குறைவுதான். ஒன்பது ஜோடிதான் 72 என்று கோட்டைத் தாண்டுகிறது. ஏஸ்-ராஜாவைக் கீழே வைப்பதா என்று யாருக்கும் கை கூசும். எனக்கும் முதல் முறை இந்த எண்ணைப் பார்த்தபோது நம்பிக்கை வரவில்லை. மூன்று முறை போட்டுப் பார்த்த பிறகே எழுதுகிறேன்.

நீங்கள் தோற்றபோது அந்த 5.50 புள்ளி எங்கே போனது என்று பார்த்தால் காரணம் இன்னும் தெளிவாகும். அம்மான் மகனின் மதிப்பு 7.21-இலிருந்து 8.80 ஆனது; அவருக்குக் கிடைத்தது 1.60 அளவே. மிச்சம் 3.90 புள்ளி, அந்தக் கையில் சீட்டைக் கீழே வைத்துவிட்டு அமர்ந்திருந்த அந்த இருவருக்குப் போய்விட்டது. நீங்கள் இருவரும் மோதியதில் வாழ்ந்தவர்கள் அவர்கள்.

புதுவயல்:

ஆச்சி காட்டிய கணக்கு நால்வர் எஞ்சிய நேரத்துக்கு முழுக்கப் பொருந்தும். ஆனால் இதைப் படித்துவிட்டு முதல் கையிலிருந்தே பதுங்கி ஆடத் தொடங்குகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன் என்பதால், ஆட்டத்தின் தொடக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

கையில் 5,000 சிப்ஸ், பெரிய பிளைண்ட் 50 என்றால் கையிருப்பு நூறு பிளைண்ட் ஆழம். பதினெட்டுப் பேர் இருக்கும்போது புள்ளி வரும் மூன்று இடங்கள் வெகு தொலைவில் இருக்கின்றன. ஆகவே அங்கே சிப்ஸ் கணக்கும் புள்ளிக் கணக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே நடக்கும். அந்த நேரத்தில் கையிருப்பைக் காக்கிறேன் என்று ஏஸ் ஜோடிக்காகக் காத்திருந்தால் என்ன ஆகும்? ஏஸ் ஜோடி 221 கைக்கு ஒருமுறைதான் வரும். ராணி, ராஜா, ஏஸ் ஆகிய மூன்று ஜோடிகளையும் சேர்த்தாலும் ஏறத்தாழ 74 கைக்கு ஒன்று. வீட்டு மேசையில் பேச்சும் காபியுமாக மணிக்கு இருபத்தைந்து கை ஓடினால் அதிகம். மூன்று மணி நேரத்தில் ஒருமுறை நல்ல ஜோடி வரும். அதற்குள் பிளைண்ட் எத்தனை முறை உயர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஒரு ஜோடி வரும்போதும், இவர் இப்போதுதான் வாயைத் திறக்கிறார் என்று மேசையே சீட்டைக் கீழே வைத்துவிடும்.

அடித்தாடுவது என்றால் பெரிய தொகையைத் தள்ளுவது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பந்தயம் வைப்பவருக்கு வெல்ல இரண்டு வழி உண்டு: சீட்டு நன்றாக அமைவது ஒன்று, எதிராளி விலகுவது இன்னொன்று. கால் செய்பவருக்கு முதல் வழி மட்டுமே. பாட், அதாவது நடுவில் சேர்ந்திருக்கும் மொத்தச் சிப்ஸ், எவ்வளவோ அதில் பாதியைப் பந்தயமாக வைத்தால், மூன்றில் ஒரு முறை எதிராளி விலகினாலே வெறுங்கைக்கும் நட்டமில்லை. பாட் அளவுக்கே வைத்தால் இரண்டில் ஒரு முறை விலக வேண்டும். சிறிய பந்தயம் குறைந்த விலைக்கு அதே கேள்வியைக் கேட்கிறது. ரெய்ஸை (பந்தயத்தை உயர்த்தும் தொகையை) பெரிய பிளைண்டைப்போல் மூன்று மடங்காக வைப்பதற்குப் பதில் இரண்டேகால் மடங்காக வைத்து, அதைப் பட்டன் (சீட்டுப் போடுபவர் இருக்கை) இடத்திலிருந்து அடிக்கடி செய்வதுதான் என் அனுபவத்தில் கையிருப்பைக் காத்துக்கொண்டே அடித்தாடும் முறை.

கானாடுகாத்தான் பேரேடு:

இந்த விவாதத்தைப் படிக்கும்போது எங்கள் வீட்டில் கொண்டுவிக்கப் போனவர்களின், அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்களின், பழைய ஏடுகள் நினைவுக்கு வருகின்றன. பர்மாவில் கடை வைத்தவர்கள் முதற்பணத்தையும் பிறர் நம்பிக் கொடுத்த மேற்பணத்தையும் தனித்தனியே எழுதினார்கள். கடனைத் துணிந்து கொடுத்தால்தான் தொழில். ஆனால் ஒரே இடத்தில் முழுப் பணமும் இறங்கிவிடக் கூடாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். அப்படியிருந்தும் நெல் விலை சரிந்த 1930-களில் கடன்கள் திரும்பவில்லை. அடமானமாக வந்த நிலமே கையில் தங்கியது. கீழ்ப் பர்மாவின் 13 முதன்மையான நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசமிருந்த நிலம் 1930-இல் 6 விழுக்காடாக இருந்து 1937-இல் 25 விழுக்காடாக உயர்ந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது பெருஞ்செல்வமாகத் தெரிந்தது. ஐந்தொகை போட்டவர்களுக்கு மட்டும் அது நகர்த்த முடியாத கையிருப்பு என்று தெரிந்திருந்தது.

போக்கர் மேசையில் எனக்கு இது பலமுறை உதவியிருக்கிறது. பாட்டுக்குள் போய்விட்ட சிப்ஸ் என்னுடையது அல்ல; நகர்த்த முடிந்தது மட்டுமே என்னுடையது. ஏற்கனவே 2,000 போட்டுவிட்டேனே என்ற எண்ணத்தில் மேலும் 23,000 இறக்குவது, வராத கடனை மீட்கப் புதுக்கடன் கொடுப்பதைப் போன்றது.

பள்ளத்தூர் ஆச்சி:

அண்ணன் சொன்ன கடைசி வரியோடு எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. உள்ளே போன 2,000 நம்முடையது அல்ல என்பது உண்மை. ஆனால் அது பாட்டில் இருப்பதால், அதை வெல்லும் விலையைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். அந்த 2,000-ஐச் சேர்த்துத்தான் 46 என்ற எண்ணே வந்தது.

உவமை இன்னோரிடத்திலும் இடிக்கிறது. கடைக்கு மேற்பணம் வரும். ஒரு தவணை நட்டமானால் அடுத்த தவணையில் ஈடுகட்டலாம். தோற்றபின் புதிதாகச் சிப்ஸ் வாங்கிக்கொள்ளும் மேசைக்கு அந்த உவமை அழகாகப் பொருந்தும். அங்கே 46 விழுக்காட்டுக் கணக்கும் சரியே. வளவுத் தம்பி ஆடிய போட்டியில் மேற்பணம் கிடையாது. எழுந்தால் எழுந்ததுதான். காக்க வேண்டிய கட்டாயம் அதிலிருந்துதான் பிறக்கிறது.

காரைக்குடி வளவு:

எல்லோருக்கும் நன்றி. ஆச்சி போட்ட கணக்கை நானும் நோட்டில் போட்டுப் பார்த்தேன்; அதே எண்கள் வருகின்றன. ஆனால் மனம் இன்னும் ஆறவில்லை. ஏஸ்-ராஜாவையே கீழே வைக்க வேண்டும் என்றால், 40,000 வைத்திருப்பவர் ஒவ்வொரு கையிலும் தள்ள, நான் ஒவ்வொரு கையிலும் விலக, கடைசியில் தேய்ந்தே போவேனே. தேவகோட்டை அண்ணன் கேட்டதும் அதுதானே? எதிர்க்கும் இடம் என்று ஒன்று எனக்கு உண்டா, இல்லையா?

ஆத்தங்குடி:

உண்டு. அது உங்களுக்கு அடுத்த கையிலேயே வந்திருக்கும். நீங்கள் எழுந்துவிட்டதால் அதைப் பார்க்கவில்லை.

அமர்ந்திருந்த வரிசையை நினைத்துப் பாருங்கள். அந்தக் கையில் 10,000 வைத்திருந்தவர் பட்டன் என்றால், அடுத்த கையில் பட்டன் அம்மான் மகனுக்குப் போகும். நீங்கள் சின்ன பிளைண்ட், 15,000 வைத்திருப்பவர் பெரிய பிளைண்ட். 10,000 உள்ளவர் முதலில் பேசுகிறார். அவரும் அம்மான் மகனும் விலகினால், உங்கள் 23,000-க்கு எதிரே 15,000 மட்டுமே இருக்கும். அம்மான் மகன் உங்களை என்ன செய்தாரோ, அதையே நீங்கள் இவரைச் செய்யலாம்.

இப்போது 15,000 உள்ளவரின் நிலையைக் கணக்கிடுவோம். அவர் விலகினால் கையில் 13,000, மதிப்பு 3.89 புள்ளி. கால் செய்து வென்றால் 30,000, மதிப்பு 6.43. தோற்றால் சுழி. அவருக்கு 60 விழுக்காட்டுக்கு மேல் வேண்டும். வெறும் சிப்ஸ் கணக்கில் 43 போதும். அதற்கு மேலாக, அடுத்த பெரிய பிளைண்ட் 10,000 உள்ளவருடையது என்பதும் அவருக்குத் தெரியும். இன்னும் ஒரு கை பொறுத்தால் தனக்கு முன்னே ஒருவர் எழக்கூடும் என்ற நினைப்பு அவர் கையைப் பிடித்து இழுக்கும்.

உங்கள் பக்கத்தைப் பாருங்கள். அவர் விலகினால் உங்கள் மதிப்பு 5.50-இலிருந்து 5.78 ஆகிறது. அவர் கால் செய்து நீங்கள் வென்றால் 7.38. தோற்றாலும் 8,000 சிப்ஸ் மிஞ்சும், மதிப்பு 2.82. அதே ஏஸ்-பத்து, அதே 23,000. முந்தைய கையில் தோல்வியின் விலை 5.50 புள்ளி முழுவதும். இந்தக் கையில் பாதியளவே. ஆகவே யாரைத் தோல்வியால் எழுப்ப முடியுமோ அவர் மேல் பாய்வதும், யார் நம்மை எழுப்ப முடியுமோ அவரிடம் விலகுவதும் சேர்ந்ததுதான் நடுத்தரக் கையிருப்பின் ஆட்டம். அம்மான் மகனின் துணிச்சல் அவருடைய குணத்தால் வந்ததில்லை. அவர் தோற்றிருந்தாலும் 15,000 மிஞ்சி, 4.46 புள்ளி மதிப்போடு அமர்ந்திருப்பார். அந்த இடத்தில் நம் வீட்டு அப்பத்தா அமர்ந்திருந்தாலும் தள்ளத்தான் வேண்டும்.

தேய்ந்து போவேன் என்று அஞ்சுகிறீர்கள். நால்வர் ஆடும்போது ஒரு சுற்றுக்கு, அதாவது நான்கு கைக்கு, 3,000 போகும். உங்களிடம் ஏழு சுற்றுக்கு மேல் இருக்கிறது. 10,000 உள்ளவரிடம் மூன்று சுற்றே இருக்கிறது. முதலில் தேய்வது அவர்தான்.

தேவகோட்டை ரஸ்தா:

ஆத்தங்குடி எழுதியதைப் படித்தபின், கால் செய்வது சரி என்று நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். இருந்தாலும் ஐசிஎம் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அடுத்த பிளைண்ட் யாருக்கு என்பது அதற்குத் தெரியாது. இருக்கை வரிசை தெரியாது. யார் நன்றாக ஆடுகிறார் என்பதும் தெரியாது. எல்லாரையும் ஒரே திறமையுள்ளவர்களாக எடுத்துக்கொள்கிறது. இந்தக் கையில் அவையெல்லாம் சேர்ந்து ஃபோல்டையே வலுப்படுத்துகின்றன என்பது உண்மை. வேறொரு கையில் எதிர்ப்பக்கம் இழுக்கலாம்.

முக்கியமான கேள்வி ஒன்றை யாரும் கேட்கவில்லை. இது ஆண்டின் எத்தனையாவது கூடுகை? புள்ளிப் பட்டியலில் தம்பி எங்கே இருந்தார்?

காரைக்குடி வளவு:

நான்காவது. இன்னும் இரண்டு இருக்கின்றன. முதலில் இருப்பவரைவிட நான் 3 புள்ளி பின்னால் இருந்தேன். அவர் அன்றைக்கு ஏற்கனவே எழுந்துவிட்டிருந்தார்.

பள்ளத்தூர் ஆச்சி:

நல்ல கேள்வி. நான்காவது கூடுகை என்றால், மூன்றாமிடத்தின் 4 புள்ளியே தம்பியை முன்னே கொண்டுபோயிருக்கும். ஆகவே 70.6 அப்படியே நிற்கிறது.

ஆனால் இதுவே ஆண்டின் கடைசிக் கூடுகையாக இருந்து, தம்பி 8 புள்ளி பின்னால் இருந்தார் என்றால் என் விடை தலைகீழாக மாறும். அப்போது 4 புள்ளியாலும் 6 புள்ளியாலும் பயனில்லை. 10 மட்டுமே நோட்டில் பெயரை ஏற்றும். முதலிடத்தின் வாய்ப்பு என்பது சிப்ஸின் பங்குதான் என்பதால், ஃபோல்ட் செய்தால் 23-க்கு 90, அதாவது 26 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. கால் செய்தால், 63 விழுக்காடு வென்று 50-க்கு 90 என்ற நிலையை அடைவார். இரண்டையும் பெருக்கினால் 35. தேவகோட்டை அண்ணனின் 46 விழுக்காட்டுக் கணக்கு அங்கே முழு உரிமையோடு வந்து உட்கார்ந்துகொள்ளும். சீட்டும் அதேதான், கையிருப்பும் அதேதான், எதிராளியும் அவர்தான். எதற்காகக் காக்கிறோம் என்பது மட்டும் மாறியிருக்கிறது.

காரைக்குடி வளவு:

மாசியில் குலதெய்வப் படைப்புக்காக எல்லோரும் ஊரில் கூடியபோது, படைப்புக்கு மறுநாள் ஐந்தாவது ஆட்டத்தை ஆடினோம். நீண்ட நாள் கழித்து இந்த இழைக்குத் திரும்புவதற்கு அதுவே காரணம்.

மறுபடியும் நால்வர் எஞ்சினோம். பிளைண்ட் அதே 1,000, 2,000. ஒருவரிடம் 30,000, என்னிடம் 28,000, மற்ற இருவரிடம் 20,000, 12,000. 30,000 உள்ளவர் என்னை ஆல்-இன் என்று தள்ளியபோது ஏஸ்-ஜாக்கியைக் கீழே வைத்தேன். வைக்கும்போது கை நடுங்கியது என்பதை ஒளிக்க விரும்பவில்லை. பிறகு நான் சின்ன பிளைண்டாக வந்து, மற்ற இருவரும் விலகி, 12,000 உள்ளவர் பெரிய பிளைண்டாக எதிரே இருந்தபோது, ஜாக்கி-எட்டை வைத்துக்கொண்டு ஆல்-இன் என்றேன். அவர் ஒன்பது ஜோடியோடு கால் செய்து வென்றார். எனக்கு 16,000 மிஞ்சியது. அதை வைத்துக்கொண்டு மூன்றாவதாக வந்து 4 புள்ளி பெற்றேன். இந்த இழையைத் தொடங்கியதிலிருந்து நான் பெற்ற முதல் புள்ளி இதுதான். நான் தள்ளியது பிழையா என்று மட்டும் சொல்லுங்கள்.

ஆத்தங்குடி:

ஏஸ்-ஜாக்கியைக் கீழே வைத்ததற்கு என் மனமார்ந்த பாராட்டு. 30,000 உள்ளவர் எந்தச் சீட்டைத் தள்ளினாலும் ஏஸ்-ஜாக்கி 64, 65 விழுக்காட்டுக்கு மேல் போகாது. உங்களை முழுதாக எழுப்பக்கூடியவர் மேசையில் அவர் ஒருவர்தான்.

தள்ளியதைப் பொறுத்தவரை, ஒன்பது ஜோடி யாரும் கால் செய்யும் சீட்டு என்பதால் அந்த முடிவை வைத்து எடை போட வேண்டாம். நான் தயங்குவது சீட்டைப் பற்றியல்ல, ஆளைப் பற்றி. 12,000 உள்ளவர்தான் மேசையில் மிகச் சிறியவர். தனக்கு முன்னே எழக்கூடிய இன்னொருவர் அவருக்கு இல்லை. காத்திருப்பதால் அவருக்குக் கிடைப்பது குறைவு என்பதால், கால் செய்ய அவர் கேட்கும் விழுக்காடும் குறையும். பொங்கல் ஆட்டத்தில் 15,000 உள்ளவரை விலக வைத்திருக்கக்கூடியது, அவருக்குக் கீழே இருந்த 10,000. மாசியில் அப்படிக் கீழே ஒருவரை வைத்துக்கொண்டு கலங்கியிருக்கக்கூடியவர் 20,000 உள்ளவர். அவர் எந்தப் பக்கம் அமர்ந்திருந்தார்? உங்களுக்கு இடப்பக்கம் இருந்து, நீங்கள் சின்ன பிளைண்டாகவும் அவர் பெரிய பிளைண்டாகவும் வரும் கை வந்ததா?

காரைக்குடி வளவு:

வலப்பக்கம் இருந்தார். அவர் பெரிய பிளைண்டாக வந்த கைகளில் நான் முதலில் பேச வேண்டியிருந்தது. எனக்குப் பின்னால் பட்டனில் 12,000 உள்ளவரும் சின்ன பிளைண்டில் 30,000 உள்ளவரும் இருந்தார்கள் என்பதால் இரண்டு முறையும் விலகிவிட்டேன்.

ஆத்தங்குடி:

அப்படியென்றால் விலகியதும் சரியே. பின்னால் 30,000 காத்திருக்கும்போது 20,000 உள்ளவர் மேல் பாய நல்ல ஜோடியாவது ஏஸ்-ராஜாவாவது வேண்டும். அந்த இருக்கை வரிசையில் உங்களுக்குக் கிடைத்த ஒரே வாயில் 12,000 உள்ளவர்தான். ஜாக்கி-எட்டுக்குப் பதில் ஓர் ஏஸோ ராஜாவோ கையில் வரும் வரை ஒரு சுற்றுப் பொறுத்திருக்கலாம். அதற்கு மேல் நான் குறை சொல்ல மாட்டேன்.